சந்தனப் பொட்டு வைத்தவர் எங்கள் அண்ணன்

அண்ணனை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. கருவடிக்குப்பம் வீட்டுக்கு இன்று வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையில் இந்த மலரோடு திரும்பும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை கௌரியின் வணக்கம். அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். "நீதான வீட்லயும் அவர பாத்த, ஃபேக்டரியிலயும் பாத்த" என்றார். உண்மைதான். வீட்டில் 'ண்ணா' என்றும், சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் 'சார்' என்றும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். நடுவில் எத்தனையோ முறை இடம் மாற்றிக் கூப்பிட்டு அவரிடம் முறைப்பும் வாங்கியிருக்கிறேன்.

நினைவு மலர் என்றால், மறைந்தவர் பிறந்ததிலிருந்தே பொறுமையின் வடிவம் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அண்ணியே சிரிப்பார். எங்கள் அண்ணன் முன்கோபி. காபியில் சர்க்கரை குறைந்தால்கூட முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதை நான் மறைத்துவிட்டால், பிற்பாடு அவர் செய்த பெரிய காரியத்தின் அருமை யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள இப்போது அவர் இல்லை என்ற தைரியத்தில் அல்ல. இருந்திருந்தாலும் இப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பார்.

அண்ணன் பிறந்தது உப்பளத்தில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவரின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா என்பதால், தெருவே அதைச் சொல்தா வீடு என்றுதான் சொல்லும். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அண்ணன் பத்தாவது படிக்கும்போது அப்பா காலமானார். அம்மா இட்லி சுட்டு விற்க, அண்ணன் விடியற்காலையில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, ஒரு சிறிய லேத் பட்டறையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கி வந்தார். பை வாங்கித் தந்த கையோடு, "கணக்குல மார்க் கொறைஞ்சா பைய புடுங்கிடுவேன்" என்றும் சொன்னார். என்னைப் படிக்க வைத்து, எனக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். கருவடிக்குப்பத்தில் இந்த வீட்டை அண்ணியும் அவரும் அறை அறையாகக் கட்டினார்கள்.

சேதராப்பட்டில் அந்தத் தொழிற்சாலை தொடங்கியபோது அண்ணன் கடைசல் இயந்திரத்தில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். மோட்டார் பம்புகளுக்கு உள்ளே சுழலும் இரும்புத் தண்டு, ஷாஃப்ட், அதுதான் நாங்கள் செய்வது. அளவு ஒரு முடியின் கனம் தவறினாலும் போதும், பம்பு கொஞ்ச நாளில் சூடேறி நின்றுவிடும். அளவு பார்க்கும் அறையில் நான் வேலை பார்த்தேன். எனக்கு மேலே ஸ்டெல்லா அக்கா. நெல்லித்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வருவார். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. இரண்டு பிள்ளைகள். அந்த வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடியது.

எங்கள் அறையில் ஒரு சிறிய பெட்டிக்குள் எஃகுக் கட்டை ஒன்று இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. தினமும் காலையில் அதைத் தட்டின் மேல் நிறுத்தி, அளவு காட்டும் டயலை அதன் மேல் வைத்துப் பூஜ்யத்தைச் சரிசெய்வோம். தொழிற்சாலையில் இருக்கும் அத்தனை டயல்களுக்கும் அந்த ஒரு கட்டைதான் ஆதாரம். வெறும் விரலால் தொடக்கூடாது என்று அண்ணனே எங்களைத் திட்டியிருக்கிறார்.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த வருடத்து ஆயுத பூஜை. எங்கள் தொழிற்சாலையில் அது தீபாவளியைவிடப் பெரிய நாள். இயந்திரங்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பொட்டலம் போட்டு, ஒரே அமர்க்களமாக இருக்கும். கோயிலுக்குப் போகாத ஸ்டெல்லா அக்காதான் எல்லாருக்கும் முன்னால் வந்து பூச்சரம் கட்டுவார். அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். பெரிய இயந்திரத்தில் தொடங்கி, ஸ்பேனர், சுத்தியல், டீ டிரம் வரை ஒன்று விடாமல் பொட்டு. கடைசியாக எங்கள் அறைக்கு வந்தார். பெட்டியைத் திறந்தார். அந்தக் கட்டையை எடுத்து நிறுத்தி, "இதாம்மா நமக்கு சோறு போடுற சாமி" என்று சொல்லிக்கொண்டே, குழைந்த சந்தனத்தை மூன்று விரலால் தாராளமாகப் பூசிக் குங்குமமும் வைத்தார்.

எனக்கு 'ஐயோ' என்று இருந்தது. 'ண்ணா, அதுல வேணாம்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நல்ல நாளில், அத்தனை பேர் எதிரில், பெரியவர் கையைப் பிடித்து நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? தங்கை என்பதால் எனக்கு இரண்டு மடங்கு திட்டு விழும். வாயை மூடிக்கொண்டு பொரி தின்றேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் ஸ்டெல்லா அக்கா கட்டையை எடுத்து மேலேயும் பக்கத்திலும் பளபளவென்று துடைத்து வைத்தார். அடியில் வழிந்து காய்ந்திருந்த சந்தனம் யார் கண்ணிலும் படவில்லை. கட்டை அந்தச் சந்தனத்தின் மேல் ஏறி நின்றது. அது காட்டிய பொய் அளவை நம்பி, அடுத்த மூன்று வாரங்கள் நாங்கள் செய்த தண்டுகள் எல்லாம் ஒரு முடி தடித்துப் போயின.

கோயம்புத்தூரில் எங்கள் சரக்கை வாங்கும் பம்பு கம்பெனியிலிருந்து லாரி திரும்பி வந்தது. பம்புகள் சூடேறுகின்றன, காரணம் தெரியாமல் இனி ஒரு தண்டுகூட எடுக்க மாட்டோம் என்று கடிதம். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "சனிக்கிழம காலைல எனக்கு ஒரு பேரு வேணும். யாரு தப்பு பண்ணாங்களோ அவங்கள வெளிய அனுப்பிட்டுத்தான் நான் கோயம்புத்தூருக்குப் போன் பண்ணுவேன்" என்றார். பொங்கலிலிருந்து அண்ணனை முழுத் தொழிற்சாலைக்கும் மேனேஜர் ஆக்குவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அம்மா அதைத் தெருவுக்கே சொல்லி முடித்திருந்தார்.

அளவுத் தாளில் இருந்த கையெழுத்து ஸ்டெல்லா அக்காவுடையது. அண்ணன் நேராக எங்கள் அறைக்கு வந்து, எல்லார் எதிரிலும் கத்தினார். "கண்ண எங்க வெச்சிகினு கையெழுத்து போட்ட?"

"டயலு காட்டுனததான் சார் எழுதுனேன். அந்தோணியார் மேல சத்தியமா ஒரு நம்பர கூட மாத்தல" என்றார் அக்கா. அழக்கூட இல்லை. மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்ப மூடி வைத்தார். நாளைக்கே வேலை போனால் கணவருக்கு மருந்து யார் வாங்குவது என்று அவர் கணக்குப் போடுவது எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. பூஜைக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டது. ஆனாலும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. ஒரு பக்கம் ஸ்டெல்லா அக்காவின் வயிற்றுப்பாடு, இன்னொரு பக்கம் அண்ணனின் மேனேஜர் பதவி. எல்லாவற்றுக்கும் மேலே அண்ணனின் வாய். அந்த வாய்க்குப் பயந்தே இரண்டு நாள் போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் தைரியம் வந்தது. முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"ண்ணா, பூஜையன்னிக்கு அந்தக் கட்டையில நீ சந்தனம் வெச்ச இல்ல?"

"ஆமா, வெச்சேன். இன்னா இப்ப?"

"அது அடியில எறங்கியிருக்கும்னு தோணுது."

ஸ்கூட்டர் ஓரமாக நின்றது. திரும்பாமலே கேட்டார். "அன்னிக்கே பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

அவ்வளவுதான் பேச்சு. இப்போது கத்தப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கத்தவில்லை. வண்டியைத் திருப்பி மறுபடியும் தொழிற்சாலைக்கே ஓட்டினார். அறையைத் திறந்து, கட்டையைக் கவிழ்த்து, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடியில் ஓரமாக மஞ்சளாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பிறகு ஸ்டெல்லா அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ முறை அவரைக் கோபமாகப் பார்த்திருக்கிறேன். அவர் தலை குனிந்து பார்த்தது அன்றுதான்.

இந்த இடத்தில் உறவினர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அண்ணன், இன்னொருத்தி கூடப் பிறந்தவள். ஒரு துணியால் துடைத்திருந்தால் முடிந்தது. கட்டையைச் சரியாகத் துடைக்காதது ஸ்டெல்லாதான் என்று சொன்னால்கூடப் பொய் ஆகாது. பொங்கலுக்கு மேனேஜர் நாற்காலி. அண்ணன் கட்டையைத் துடைக்கவில்லை. அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார். முதலாளியையும் இயந்திரக் கொட்டகைக்கே கூட்டி வந்துவிட்டார். எல்லாரும் சுற்றி நின்றோம். பெட்டியைத் திறந்து கட்டையின் அடியை முதலாளிக்குக் காட்டினார்.

"நீங்க ஒரு பேரு கேட்டீங்க. என் பேர எழுதிக்குங்க. சந்தனம் வெச்சது நான். ஸ்டெல்லாம்மா, ஒன்ன அத்தன பேரு முன்னாடி திட்டுனேன். அத்தன பேரு முன்னாடியே சொல்றேன், தப்பு என்னுது. மன்னிச்சிக்கோ."

அண்ணன் அதோடு விடவில்லை. "நான் பொட்டு வெக்கும்போது, இது வேணாமேன்னு மனசுல பட்டவங்க கையத் தூக்குங்க" என்றார். யாரும் தூக்கவில்லை. நான் தூக்கினேன். அப்புறம் இழைக்கும் இயந்திரத்து முருகையன் தூக்கினார். ஒவ்வொன்றாக ஐந்து கைகள் எழுந்தன.

"அஞ்சு பேரு பாத்திருக்கீங்க. ஒருத்தர் வாயத் தொறந்திருந்தா லாரி திரும்பி வந்திருக்காது. ஏன்யா சொல்லல?"

முருகையன்தான் பதில் சொன்னார். "சொன்னா வுடுவியா சார் நீ? கத்தி ஊரையே கூட்டிடுவ!"

முதலாளிதான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணன் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் அப்போதுதான் அழுதார்.

சிரித்தாலும் முதலாளி சும்மா விடவில்லை. அண்ணனுக்கு மெமோ கொடுத்தார். பொங்கலுக்கு மேனேஜராக வெளியிலிருந்து வேறொருவர் வந்தார். அம்மா ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் அந்த மெமோவைத் தன் கையாலேயே நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். "எல்லாரும் படிக்கட்டும். தப்ப ஒத்துக்கினா தல போயிடாதுன்னு தெரியட்டும்" என்றார். கோயம்புத்தூருக்குப் பதில் எழுதும்போது 'அந்நியப் பொருள் ஒட்டியிருந்தது' என்று போட்டால் போதும் என்றார் முதலாளி. அண்ணன் பூஜைச் சந்தனம் என்றே எழுத வைத்தார். கடிதம் போன நான்காம் நாள் அங்கிருந்து போன் வந்தது. அவர்களும் தங்கள் அளவுக் கருவிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். ஒன்றில் குங்குமம் இருந்ததாம்! ஆர்டர் மறுபடியும் வந்தது.

அன்றிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் கொண்டு வந்தார். காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லாரும் நின்றுகொண்டே பேச வேண்டும். நேற்று என்ன கெட்டுப் போனது, ஏன் கெட்டுப் போனது, அவ்வளவுதான். 'யார்' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. முதல் சில நாள் எல்லாரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்கள். அண்ணன் தினமும் தன் தவறு ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாவது வாரம் முருகையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், பின்னாடி காம்பவுண்டு ஓரமா ஒரு குழி இருக்குது" என்றார்.

போய்த் தோண்டினால், வீணாய்ப் போன தண்டுகள் மூட்டை மூட்டையாக! அண்ணனின் திட்டுக்குப் பயந்து பல வருடங்களாகப் புதைத்திருக்கிறார்கள். அண்ணன் முகம் சிவந்தது. கத்தாமல் குழாயடிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அந்தப் பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். சார் குழாயடிக்குப் போகிறார் என்றால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரே நாளில் நான்கு தடவை போனதும் உண்டு.

திரும்பி வந்தவர், தார்ப்பாய் விரித்து, தோண்டிய தண்டுகளைக் கழுவிப் பரப்பச் சொன்னார். எந்த இடத்தில் என்ன குறை என்று வகை வகையாகப் பிரித்தோம். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் கீறல். எல்லாம் ஒரே இயந்திரத்தில் போனவை. அதில் சூடு தணிக்கத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் ஒரு விரல் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடம் அந்த இயந்திரத்தில் நின்ற ஆட்களை மாற்றி மாற்றித் திட்டியிருக்கிறோம். குழாயை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் குழாயை நகர்த்திவிட்டு, அந்த ஆட்களில் ஒவ்வொருவரையும் தேடிப் போய் வருத்தம் தெரிவித்தார். வேலையை விட்டு வில்லியனூரில் டீக்கடை வைத்திருந்த ஒருவரைக்கூட விடவில்லை. அவர் மறுபடியும் வேலைக்கு வர மறுத்துவிட்டார். ஆனால் அண்ணனின் காரியத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

இரண்டு ஆண்டுகளில் அந்தப் புது மேனேஜர் வேறு வேலைக்குப் போக, முதலாளி அந்த நாற்காலியை அண்ணனுக்குக் கொடுத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அண்ணன் காலத்தில் எங்கள் தொழிற்சாலை சேதராப்பட்டில் பேர் எடுத்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் காலைக் கூட்டத்தைப் பார்க்க வந்து நிற்பார்கள். எங்கள் அண்ணன் கட்டி வைத்த கூட்டம் அது. என் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை என்பதை வார்த்தையில் அடக்க முடியவில்லை. வீட்டில் மட்டும் கடைசி வரை காபிக்குக் கத்திக்கொண்டுதான் இருந்தார். வீட்டில் குழாயடி பக்கத்தில் இல்லை என்பது அண்ணியின் விளக்கம்.

சிறுநீரகம் பழுதாகி எட்டு மாதம் அவதிப்பட்டார். ஒரு நாள் முதலாளி மருத்துவமனைக்கு வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாம என்ன ஆகுமோன்னு பயந்தேன். நல்லாவே ஓடுது" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முதலாளி கிளம்பிய பிறகு, "கேட்டியா கௌரி? நல்லா ஓடுதாம்" என்று என்னிடம் நாலு தடவை சொன்னார். அந்த வாரமே அமைதியாகப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் தொழிற்சாலையில் காலைக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்து நின்றார்களாம். அண்ணன் போன துக்கத்தில் யார் முதலில் வாய் திறப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். இப்போது அளவுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஸ்டெல்லா அக்கா ஓரடி முன்னால் வந்து, "நேத்து நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாராம். முருகையன்தான் இதை என்னிடம் வந்து சொன்னார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. முறை வைத்து வந்து இரத்தம் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்கள், எட்டு மாதம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று தினமும் கஞ்சி அனுப்பிய ஸ்டெல்லா அக்கா, ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த எதிர்வீட்டுத் தம்பி, பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், உப்பளத்துப் பழைய தெருக்காரர்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. எல்லாருக்கும் மேலாக அண்ணிக்கு.

அண்ணி என்றதும் ஒன்று. போன வாரம் இந்த மலரின் திருத்தப் படியைப் பார்க்க அச்சகம் போயிருந்தேன். புகைப்படம் கறுப்பாக விழுந்திருக்கிறது என்று போன உடனேயே சத்தம் போட்டேன். எனக்கும் அதே இரத்தம்தானே. அங்கே டைப் அடிக்கும் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மெல்ல, "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றார். எனக்குச் சுரீர் என்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லுங்கம்மா என்றேன். கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் பெயர் வரிசையை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லார் பெயரும் இருந்தது. அண்ணியின் பெயர் மட்டும் இல்லை!

அந்த அம்மா சொன்னதால் அண்ணியின் பெயர் இப்போது முதலில் இருக்கிறது. இன்னும் என்னென்ன விட்டிருக்கிறேனோ தெரியாது. இதுபோன்ற மலர்களின் முடிவில், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். அண்ணனின் மேல் உங்களுக்கு அன்பு இருந்தால், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். வந்து சொல்லுங்கள். நான் கத்த மாட்டேன்.